கன்னத்திலிருந்து எடுத்த சாட்சி

பள்ளிபாளையத்தில் என் அத்தை 22 வருடம் சாயப்பட்டறைக்குப் போனார். தொட்டியில் நூலை முக்குவது ஆண்கள் வேலை. முக்கிய சிட்டத்தைப் பிழிந்து, உதறி, மூங்கில் கழியில் மாட்டிக் காயவைப்பது பெண்கள் வேலை. அந்த வேலைக்குத் தனிப் பெயர்கூட இல்லை; "கூடமாட" என்பார்கள். கையுறை கிடையாது. சிறுமியாக இருந்தபோது, அத்தையின் கையைப் பார்த்தே அந்தத் தீபாவளிக்கு எந்த நிறத்துக்குக் கிராக்கி என்று சொல்லிவிடுவேன்.

அவர் வேலையிலிருந்து நிற்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பு ஆய்வு மாணவர் இருவர் தெருவுக்கு வந்தார்கள். வாய் கொப்பளிக்கச் சொல்லி, மரக்குச்சியால் உள்கன்னத்தை வழித்து, கண்ணாடித் துண்டில் தடவி எடுத்துக்கொண்டு போனார்கள். படிவத்தில் கையெழுத்தும் வாங்கினார்கள். பிறகு யாரும் வரவில்லை. நான் போகும்போதெல்லாம் அத்தை கேட்பார்: "வழிச்சுட்டுப் போனாங்களே கண்ணு, அதுல என்ன வந்துச்சு?" நான் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். ஆனாலும் படித்த பிள்ளைக்குத் தெரியாமலா இருக்கும் என்பது அவர் எண்ணம்.

தேடிப் படித்தேன். உள்கன்னத்துத் தோல் ஓயாமல் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. அடி அடுக்கில் ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது அதன் குரோமோசோம் உடைந்திருந்தால், உடைந்த துண்டு கருவோடு சேராமல் ஒதுங்கி, தனியே ஒரு குட்டிக் கருவாகிவிடும். நுண்கரு என்கிறார்கள். அந்தச் செல் மேலேறி வர ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும். வழித்த செல்களுக்குச் சாயம் ஏற்றி (ஆமாம், இதைப் பார்க்கவும் சாயம்தான் வேண்டும்) நுண்ணோக்கியில் ஆயிரக்கணக்கில் எண்ணுவார்கள். இன்னொரு முறைக்குக் காமெட் சோதனை என்று பெயர். செல்லைக் கூழில் பதித்து, உறையைக் கரைத்து, மின்சாரம் பாய்ச்சினால், முறிந்த டி.என்.ஏ. இழைகள் வால்போல நீளும். நரேந்திர பி. சிங்கும் உடன் ஆய்வாளர்களும் 1988ல் இதைக் கூர்மைப்படுத்தினார்கள். வால்வெள்ளி தெரிந்தால் ஊருக்கு ஆகாது என்பார் அத்தை. கவிதை எழுதுகிறவளுக்கு இந்தப் பெயர் தேவைக்கு மேலேயே பிடித்துப்போகிறது, அதனால் இதோடு விடுகிறேன்.

என்னை உறுத்தியது அந்த மூன்று வாரக் கணக்கு. கன்னத்துக்கு நினைவு அவ்வளவுதான். 22 வருடத்தை அது சொல்லாது. அத்தை வேலையை விட்ட மூன்றாம் மாதம் வழித்திருந்தால், பட்டறை அதில் தெரிந்தே இருக்காது.

கோவை ஆய்வாளர்கள் 2010ல் வெளியிட்ட ஒரு கட்டுரை, துணி அச்சுச் சாயத்தோடு வேலை செய்பவர்களின் செல்களில் நுண்கருக்கள் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. (அத்தையிடம் வந்தவர்கள் வேறு.) இத்தகைய எண்ணிக்கை ஒரு கூட்டத்தைப் பற்றித்தான் பேசும், தனியொருத்திக்குப் புற்றுநோய் வருமா வராதா என்று சொல்லாது. தெரிவித்தால் வீணாகப் பயப்படுவார்கள், ஆகவே தெரிவிப்பதில்லை என்று இதற்கு நியாயம் கற்பிக்கிறவர்கள் உண்டு. எனக்கு ஒப்பவில்லை. "இந்த வேலை செய்யற பொம்பளைங்களுக்குச் சேதம் அதிகமா இருக்கு, உங்களுக்கு மட்டும் தனியா இதை வெச்சுச் சொல்ல முடியாது" என்றால் முடிந்தது. பாவில் எத்தனை இழை அறுந்தால் அன்றைய கூலி போகும் என்று தெரிந்தவருக்கு, இழை அறுவது புரியாதா?

படிவத்தின் முதல் கேள்வி, "புகையிலை போடுவீங்களா?" கேட்க வேண்டிய கேள்விதான்; புகையிலையும் நுண்கருவைக் கூட்டும். ஆனால் அத்தை அதைக் கேட்டவுடன் தலையைக் குனிந்துகொண்டாராம். தப்பு தன்மேல்தான் என்று அங்கேயே தீர்ப்பாகிவிட்டது அவருக்கு. என்ன சாயம் என்ற கேள்விக்குப் படிவத்தில் இடம் இருந்தது. அவருக்கு நிறம் தெரியும், பெயர் தெரியாது.

போன மாதம் இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அந்த டப்பாவை யாரும் வழிச்சுப் பாக்கலையா?" என்றார்.

பார்த்திருக்கிறார்கள். சாயத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பையில் புற்று வருவதை ஃபிராங்ஃபர்ட்டில் லுட்விக் ரேன் எழுதியது 1895ல். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி எடின்பரோ வந்த சார்லோட் ஆவர்பாக் என்ற பெண், ரசாயனம் மரபணுவை மாற்றும் என்பதைப் பழ ஈக்களில் கண்டறிந்தார். அது கடுகு வாயு பற்றியது என்பதால் யுத்தம் முடிந்து 1946ல்தான் வெளியிட முடிந்தது. 1970களில் புரூஸ் ஏம்ஸ் பாக்டீரியாவை வைத்தே இரண்டு நாளில், குறைந்த செலவில், ஒரு பொருள் மரபணுவைக் கெடுக்குமா என்று பார்க்க வழி செய்தார். ஆக, டப்பாவை முதலில் கேட்க முடியும். பெண்ணின் கன்னத்தைக் கடைசியில் கேட்கலாம், அல்லது கேட்காமலே விடலாம்.

இந்தியா பென்சிடின் சாயங்களை 1993லும், மேலும் 70 அசோ சாயங்களை 1997லும் தடைசெய்தது. இடையில் 1994ல் ஜெர்மனி தடை கொண்டுவந்தபோதுதான் நம் ஏற்றுமதிக்காரர்கள் பதறினார்கள். அந்தச் சட்டம் நினைத்தது உடுத்துகிறவரின் தோலை. பிழிந்து காயப்போட்டவளின் கைக்கு அதனால் கிடைத்த பாதுகாப்பு, போகிற போக்கில் கிடைத்தது.

ஆனாலும் முடிவைச் சொல்ல வேண்டும் என்று நான் வாதிடும்போது உள்ளே ஒரு பயம் இருக்கிறது. 1978ல் அமெரிக்காவின் வில்லோ ஐலண்டில், அமெரிக்கன் சயனமிட் ஆலையின் நிறமிப் பிரிவில், கருவுக்கு ஈயம் ஆகாது என்று சொல்லிக் கருத்தரிக்கக்கூடிய பெண்களை விலக்கினார்கள். வேலையைக் காப்பாற்றிக்கொள்ள ஐந்து பெண்கள் கருத்தடை அறுவை செய்துகொண்டார்கள். ஈயம் அங்கேயே இருந்தது. இப்படி விலக்குவது பாகுபாடு என்று ஜான்சன் கன்ட்ரோல்ஸ் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது 1991ல்தான். நம் ஊரில் கன்னத்தின் முடிவு முதலில் யார் கைக்குப் போகும்? முதலாளி கைக்குப் போனால், "உனக்கு ஆகலைம்மா, நின்னுக்கோ" என்பதற்கு ஒரு காகிதம் கிடைத்துவிடும். அடுத்த நாள் அந்தக் கழியில் இன்னொருத்தி சிட்டம் மாட்டுவாள்.

அத்தையின் மருமகள் இப்போது வேறொரு பட்டறைக்குப் போகிறாள். டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவரச் சொன்னேன். இரண்டு டப்பாவில் சீட்டைக் கிழித்திருக்கிறதாம். மூன்றாவதில் ஓர் எண் மட்டும் இருக்கிறது. அதைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். எண்ணை வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறேன்.