மேடு தொடங்குமுன்

கியர் பூட்டிய சைக்கிளில் மேடு ஏறிப் பழகியவர்கள் ஒரு விடயத்தை அறிவார்கள். கியரை மாற்றவேண்டியது மேட்டின் நடுவிலல்ல, மேடு தொடங்குமுன். பெடல் இலகுவாகச் சுழலும்போது சங்கிலி ஒரு பற்சக்கரத்திலிருந்து அடுத்ததற்கு எளிதாக மாறும். முழுப் பலத்தையும் ஊன்றியபின் மாற்ற முனைந்தால் அது கடகடத்து இழுபடும். சில வேளைகளிற் கழன்றும் விடும்.

கியரைக் குறைத்தால் வேகம் குறையும். ஆனால் போய்ச்சேரும் இடம் அதேதான். ஆயினும் மனிதனின் பெருமை இதை எளிதில் ஏற்பதில்லை. பிரான்சில் 1903இல் ஆரம்பமான 'தூர் தெ பிரான்ஸ்' சைக்கிளோட்டத்தில், ஓடும்போதே சங்கிலியை மாற்றும் கருவி 1937இலேயே எல்லா வீரர்களுக்கும் அனுமதிக்கப்பட்டது. அதுவரை பலர் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சில்லைக் கழற்றித் திருப்பிப் பூட்டியே ஏறினர்.

நம் வீடுகளிலும் இப்பெருமை உண்டு. படுக்கையிலிருக்கும் தாயைத் தனியே பராமரிக்கும் ஒரு மகளை எண்ணிப்பாருங்கள். உடன்பிறந்தோரிடம் உதவி கேட்பது அன்பிற் குறைவென அவள் நினைக்கிறாள். நித்திரையின்றி உடலும் மனமும் தளர்ந்த ஒருநாள், அந்தத் தாய்மீதே சுடுசொல் வீசுகிறாள். பின்னர் அழுகிறாள். அவளது அன்பு குறைந்துவிடவில்லை. மாற்றவேண்டிய நேரம் கடந்துவிட்டது.

குற்றம் அவளுடையது மட்டுமா? காலை முதல் மாலைவரை தனியே மக்களின் வழக்குகளைத் தீர்த்த மோசே எவரிடமும் உதவி கேட்கவில்லை. அதைக் கண்ட மாமனார் இத்திரோவே, இது உமது சக்திக்கு மிஞ்சியது என்று எச்சரித்தார் (யாத்திராகமம் 18). மோசே செவிமடுத்தார். சுமையைப் பகிர்ந்தார், பணியைக் கைவிடவில்லை. அந்த மகளின் உடன்பிறந்தோரோ கண்டும் பேசாதிருந்தனர்.

அப்படியானால் சிறு களைப்புக்கும் சுமையை இறக்கிவைக்கலாமா? சமதரையில் மிகக் குறைந்த கியரில் மிதிப்பவரின் கால்கள் வீணே சுழலும். வண்டி அதற்கேற்ப முன்னேறாது. சோம்பலும் அத்தகையதே. எப்போது மாற்றுவதென்று எழுதிவைத்த சட்டம் எதுவுமில்லை. அதற்கு விவேகம் வேண்டும். வரப்போவதை முன்கூட்டியே நோக்குதல் விவேகம் என்னும் புண்ணியத்தின் ஒரு கூறு என்பது புனித தோமஸ் அக்குவினாசின் போதனை.

அன்பு வாசகரே, உங்கள் பாதையில் மேடு தெரிகிறதா? மூச்சு முட்டுமுன் ஒருவரிடம் உதவி கேளுங்கள். உங்கள் சகோதரி தனியே மேடு ஏறுகிறாளா? அவள் கேட்கும்வரை காத்திராதீர்கள்.