பத்து நிமிட ஊர்

ஒரு ஊரைச் சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு அந்த ஊர்க்காரர்களிடம் ஏதாவது கடமை உண்டா? நுழைவுச்சீட்டு வாங்கினோம், டீக்குக் காசு கொடுத்தோம், குப்பை போடாமல் வந்தோம். அதோடு தீர்ந்ததா? தீர்ந்தது என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கத்தான் நினைக்கிறேன். ஆனால் ஜெகதாப்பட்டினத்தில் ஒரு பெண் துடைத்துப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலி என்னை விடமாட்டேன் என்கிறது.

அன்னவாசலில் இருந்து சொந்தக்காரர்களும் தெருக்காரர்களுமாக ஒரு வேன் பிடித்துக் கிழக்குக் கடற்கரைக்கு ஒருநாள் பயணம் போனோம். பழைய ஊர்களின் கதையைச் சொல்ல வழிகாட்டியாக ஒரு தம்பி வந்திருந்தார். நன்றாகப் படித்தவர், பொறுமையாகப் பதில் சொல்கிறவர். காலையில் ஆவுடையார்கோயில், பிறகு மீமிசல் போய்க் கடற்கரைச் சாலையைப் பிடித்து கோட்டைப்பட்டினம் தர்கா, மணமேல்குடி, கட்டுமாவடி, சாயங்காலம் மனோரா. ஜெகதாப்பட்டினம் அந்தப் பட்டியலில் இல்லை. வேனில் இருந்த பெரியவர் ஒருவருக்கு இறங்கவேண்டி இருந்தது, நிறுத்தினார்கள். அவ்வளவுதான்.

கரையோரத்தில் தார்ப்பாய் நிழலில் ஒரு பெண் வலையில் இருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார். வலைக்கண்ணில் சுற்றிக்கொண்ட காலை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் கால் ஒடிந்துவிடும், ஒடிந்தால் விலை இறங்கிவிடும். அவர் விரல்கள் இழுக்கவே இல்லை. நூலைத் தளர்த்தி, நண்டைத் திருப்பி, மறுபடி தளர்த்தி எடுத்துக் கூடையில் போட்டன. நானும் சித்தியும் பக்கத்தில் போய் நின்றோம். எங்களைப் பார்த்ததும் கையை வாளித் தண்ணீரில் அலசிவிட்டு எழுந்தார். சுவரோரம் கிடந்த நாற்காலியை எடுத்தார். முந்தானையால் அதைத் துடைத்தார். வெயில் படாத இடமாகப் பார்த்துப் போட்டார்.

“உக்காருங்கக்கா. எந்த ஊரு?”

“அன்னவாசல்.”

“இங்க என்னத்தப் பாக்க வந்தீங்க?”

எங்களுக்கு முன்னால் வழிகாட்டித் தம்பி பதில் சொன்னார். “இங்க பாக்க ஒண்ணும் இல்லக்கா. சும்மா பத்து நிமிசம் நிறுத்திருக்கோம்.”

“ஆமா, இங்க என்ன இருக்கு” என்று அந்தப் பெண்ணும் சிரித்தார். வேன் ஹாரன் அடித்தது. சித்தி “வர்றோம்மா” என்றார். நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

இதில் யார்மேலும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. அவர் கையில் இருந்த தாளில் அந்த ஊருக்குக் கதை இல்லை. அந்தப் பெண்ணும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அப்படியானால் எது என்னைக் குடைகிறது? அவர் நாற்காலியைத் துடைத்ததுதான் என்று தோன்றுகிறது. எடுத்துப் போட்டிருந்தாலே போதும். ஈரக்கையோடு வேலையை விட்டு எழுந்து, துடைத்து, நிழல் பார்த்துப் போட்டார். எங்களை யார் என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே அதைச் செய்தார். உட்காரச் சொல்லிவிட்டுத்தான் ஊரைக் கேட்டார்.

எனக்கு இது அதிகமாக உறைப்பதற்கு நான் வளர்ந்த ஊரும் ஒரு காரணமாக இருக்கலாம். அன்னவாசல்காரர்களுக்குப் பழக்கமான கேள்வி ஒன்று உண்டு: “சித்தன்னவாசலுக்கு எப்படிப் போகணும்?” இலுப்பூர், விராலிமலைப் பக்கமிருந்து வரும் வேன்கள் எங்கள் கடைத்தெருவில் நிற்கும். வழி கேட்பார்கள், டீ குடிப்பார்கள், போய்விடுவார்கள். சின்ன வயதில் நாங்கள் கை நீட்டி வழி காட்டியிருக்கிறோம். நாங்கள் காட்டிய திசையில் குன்றும், ஏழடிப்பாட்டத்தில் சமணத் துறவிகள் படுத்த கற்படுக்கைகளும், அறிவர் கோயில் விதானத்தில் தாமரைக் குளமும் இருந்தன. அந்தக் குளத்தில் மீன், அன்னம், யானை, பூப்பறிக்கும் மனிதர்கள் எல்லாம் உண்டு. அதைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். எங்கள் தெருவைப் பார்க்க யாரும் வரவில்லை. அது நியாயம் என்றுதான் நாங்களும் நினைத்தோம். எங்கள் வீட்டுக்கு வந்த வெளியூர் விருந்தாளியிடம் அப்பாவே “இங்க என்ன இருக்கு, சித்தன்னவாசலப் பாத்துட்டு வாங்க” என்றுதான் சொல்வார். ஜெகதாப்பட்டினத்துப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னதும் அதே வாக்கியம். வெளியூர்க்காரர் சொல்வதற்கு முன்னால் நாமே சொல்லிக்கொள்ளும் வாக்கியம் அது.

அன்று காலையில் நடந்ததை இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். ஆவுடையார்கோயில் என்கிற திருப்பெருந்துறையில் அதே தம்பி எங்களை நிறுத்தி வைத்து நீண்ட நேரம் பேசினார். கேட்கக் கேட்கத் தீரவில்லை. ஆத்மநாதர் சன்னதியில் ஆவுடையார் மட்டும் உண்டு, லிங்கத் திருமேனி இல்லை. நந்தி இல்லை, கொடிமரம் இல்லை. படைகல்லில் சுடுசோற்றைக் கொட்டினால் அதிலிருந்து எழும் ஆவிதான் நைவேத்தியம். அதன் பிறகு அண்ணாந்து பார்க்கச் சொல்லிக் கொடுங்கையைக் காட்டினார். கருங்கல்லை மரச்சட்டம் போலவும் கம்பி போலவும் இழைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துச் சிற்பிகள் வேலை ஒப்புக்கொள்ளும்போது ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக என்று எழுதிக்கொள்வார்கள் என்ற வழக்கத்தையும் சொன்னார். கண்ணுக்கு உருவம் எதுவும் தெரியாத ஒரு கருவறைக்கு முன்னால் நாங்கள் அத்தனை பேரும் அசையாமல் நின்றோம். பார்க்க ஒன்றும் இல்லாத இடம் என்று யாருக்கும் தோன்றவில்லை. சொல்ல ஆள் இருந்தார், கேட்க நேரம் இருந்தது. அது கோயில், இது மீன் இறங்கும் கரை, இரண்டும் ஒன்றாகுமா என்று கேட்கலாம். ஒன்றாகாது. ஆனால் ஒரு இடத்தில் ஏதோ இருக்கிறது, இன்னொரு இடத்தில் ஒன்றும் இல்லை என்பதை இடம் முடிவு செய்கிறதா, நாம் அதற்குக் கொடுக்கும் நேரம் முடிவு செய்கிறதா என்ற சந்தேகம் எனக்கு அங்கேதான் விழுந்தது.

அந்தக் கோயிலைச் சொன்னால் அப்பாயி சொன்ன கதையும் வந்துவிடுகிறது. கீழைக் கரையில் குதிரை வந்து இறங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டு, பாண்டிய மகாராசா பொன்னைக் கொடுத்து மாணிக்கவாசகரை அனுப்பினார். அவர் பரிவாரத்தோடு புறப்பட்டுத் திருப்பெருந்துறை வந்தார். அங்கே குருந்த மரத்தடியில் குருவைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். கடற்கரைக்குப் போகவில்லை, குதிரையும் வாங்கவில்லை. கொண்டுவந்த பொன்னெல்லாம் கோயிலுக்குப் போயிற்று. சின்ன வயதில் எனக்கு இந்தக் கதையில் நரி பரியான இடம்தான் பிடிக்கும், அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வேன். இப்போது வேறு இடம் பிடிக்கிறது. போட்ட திட்டப்படி போகாமல் நடுவழியில் உட்கார்ந்துவிட்டவர் அவர். அதற்காக அவர் பட்ட தண்டனையும் கொஞ்சமல்ல. அவர் அன்றைக்கு உட்காராமல் போயிருந்தால் பாண்டியனுக்குக் குதிரை கிடைத்திருக்கும், நமக்குத் திருவாசகம் கிடைத்திருக்காது.

அதே கரைக்கு வேறு விதமாக வந்தவர்களும் உண்டு. புதுக்கோட்டைச் சரித்திரம் எதிலோ படித்தது, படித்த புத்தகம் மறந்துவிட்டது, செய்தி மட்டும் நிற்கிறது. 1898-இல் எங்கள் ஜில்லாவில் கறுக்காக்குறிச்சியில் மண்ணுக்கடியில் இருந்து 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்களின் காசுகள். அவற்றில் பலவற்றில் அரசரின் முகத்துக்குக் குறுக்கே ஒரு வெட்டு. காசாக இனிச் செல்லாது, தங்கமாக மட்டும் செல்லும் என்பதற்கான அடையாளம் அது என்பது ஒரு கருத்து. எந்தக் கரையில் இறங்கி, யார் கையில் மாறி, எந்த வழியாக உள்நாட்டுக்கு வந்ததோ. கறுக்காக்குறிச்சிக்கு இந்தக் கடல் ஒன்றும் தூரமில்லை.

அந்தக் காசைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் நான் காற்றைப் பற்றி யோசிக்கிறேன். பாய்மரக் காலத்தில் கடலில் வந்தவர் நினைத்த நேரத்தில் திரும்ப முடியாது. பருவக்காற்று திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குச் சில மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் அவர் கரையில் குடியிருந்தாக வேண்டும், சோறு தேட வேண்டும், பாஷை பழக வேண்டும், கடன் சொல்ல வேண்டும், காய்ச்சல் வந்தால் யார் வீட்டுத் திண்ணையிலாவது படுக்க வேண்டும். வணிகத்துக்கு வந்தவர்களில் சிலர் இங்கேயே பெண்ணெடுத்து இந்த ஊர்க்காரர் ஆனார்கள். கீழைக் கரையின் பட்டினங்களில் கோயிலும் பள்ளிவாசலும் தர்காவும் மாதா கோயிலும் அடுத்தடுத்து நிற்பதற்கு அரசர்களின் மானியம் மட்டும் காரணம் இல்லை என்றே நினைக்கிறேன். காற்று அவர்களை உட்கார வைத்தது. நமக்குக் காற்று தேவையில்லை, வேன் இருக்கிறது. ஹாரன் அடித்தால் ஏறிவிடலாம். ஜெகதாப்பட்டினத்துப் பெண் நாற்காலி போட்டது அந்தப் பழைய நாட்களின் பழக்கமாகக்கூட இருக்கலாம். கடலில் இருந்து யார் வந்து இறங்கினாலும் முதலில் உட்காரச் சொல்லும் ஊராக அது இருந்திருக்கலாம். இதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. நினைக்கப் பிடித்திருக்கிறது.

ஜெகதாப்பட்டினத்தில் சொல்லக் கதை இல்லையா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையில் அந்தத் தெருக்கள் எப்படி நாளைக் கடத்துகின்றன என்பது ஒரு கதை. அந்தக் கரையில் இருந்தும் கோட்டைப்பட்டினத்தில் இருந்தும் போன மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்தது என்று செய்தியில் எத்தனையோ தடவை படிக்கிறோம். அப்படிப் பிடிபட்டவர் வீட்டில் அன்று இரவு யார் யார் வந்து உட்கார்ந்திருந்தார்கள் என்பது ஒரு கதை. படகு அரசுடைமையானால் அதன்மேல் வாங்கிய கடன் என்ன ஆகிறது என்பது இன்னொரு கதை. எனக்கு இவை செய்தித்தாளில் ஊர்ப்பெயராக மட்டும் தெரியும். நண்டு கழற்றிய பெண்ணுக்கு வேறு மாதிரி தெரிந்திருக்கும். வலைக்குப் போனவர் அவருக்குக் கணவரா, மகனா, தம்பியா என்று தெரிந்துகொள்கிற அளவுக்குக்கூட பத்து நிமிடம் போதவில்லை.

சாயங்காலம் மனோராவில் தம்பி மறுபடி உற்சாகமாகிவிட்டார். அறுகோணமாக எட்டு நிலையில் நிற்கும் கோபுரம், தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டியது. வாட்டர்லூ போரில் நெப்போலியன் தோற்றதன் நினைவாகக் கட்டியது என்றார். பல இடங்களில் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் மனோராவின் கல்வெட்டில் இருப்பது 1814. வாட்டர்லூ போர் நடந்தது 1815 ஜூனில். நெப்போலியன் முதல் தடவை முடிதுறந்து எல்பா தீவுக்குப் போனதைத்தான் அந்தக் கல் கொண்டாடுகிறது. தம்பியிடம் சொன்னேன், அவர் உடனே குறித்துக்கொண்டார். சித்தன்னவாசலையும் நெடுங்காலம் மகேந்திரவர்மன் கட்டியது என்றே சொன்னார்கள். ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுப்பித்ததைச் சொல்லும் கல்வெட்டு பிறகு அந்தப் பேச்சை மாற்றியது. கல்லில் எழுதியது இருந்தால் தப்பான கதையும் ஒருநாள் திருந்திவிடுகிறது. எழுதாமல் போனதை எந்த வழிகாட்டி எப்படித் திருத்துவது?

1799-லேயே ஆட்சியைக் கம்பெனியிடம் கொடுத்துவிட்ட ஒரு மன்னர், எங்கோ ஐரோப்பாவில் கிடைத்த வெற்றிக்காகக் கட்டிய கோபுரத்தைப் பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்கினோம். அதில் தப்பில்லை, பார்க்கவேண்டிய கட்டடம்தான். அதன் எதிரே உள்ள கடலில் கடற்புல் மேய்ந்துகொண்டு கடல்பசு இருக்கிறது. எங்கள் யார் கண்ணிலும் அது படவில்லை. ஆனாலும் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கென்று 2022-இல் காப்பகமாக அறிவித்தார்கள். கண்ணில் படாததற்கும் இடம் ஒதுக்க முடியும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

ஆனால் இவ்வளவும் எழுதிய பிறகு எதிர்ப்பக்கமும் எனக்குத் தெரிகிறது. அந்த நாற்காலியில் சித்தி உட்கார்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? வேனில் இருந்த அத்தனை பேரும் சூழ்ந்து நின்று கேள்வி கேட்டிருப்போம், படம் எடுத்திருப்போம். கூடையில் இருக்கும் நண்டுக்கு ஐஸ் போடுகிற நேரம் தப்பியிருக்கும். ஒருவருடைய வேலைநாளைக் காட்சியாக்குவது அதைக் கவனிக்காமல் போவதைவிட மேலானதா? எங்கள் கடைத்தெருவில் வேனை நிறுத்தி யாராவது என் வீட்டு வாசலில் நின்று, இங்கே எப்படி வாழ்கிறீர்கள் என்று கேட்டால் நான் சந்தோஷப்படுவேனா, கதவைச் சாத்துவேனா? யார் கேட்கிறார், எப்படிக் கேட்கிறார் என்பதைப் பொறுத்தது என்கிறது மனசு. அது பதில் ஆகாது. எல்லோருக்கும் நாற்காலி போடுவது அந்தப் பெண்ணின் இயல்பாக இருக்கலாம். நாங்கள் போனதும் அவர் அதை மறந்திருக்கலாம். அவருக்கு ஒன்றுமில்லாததை நான் பெரிதுபடுத்துகிறேனா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த பயணத்துக்குத் தெருவில் இப்போதே பேச்சு நடக்கிறது. தரங்கம்பாடி, பூம்புகார், நாகூர், வேளாங்கண்ணி நான்கையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்கிறார்கள். நான் ஒன்றை மட்டும் கேட்டிருக்கிறேன்: இரண்டு ஊரைக் குறையுங்கள், மிச்ச நேரத்தைப் பட்டியலில் இல்லாத ஒரு ஊருக்குக் கொடுங்கள். அந்த நேரத்தை என்ன செய்வது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனாலும் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றே நினைக்கிறேன். உங்கள் ஊரில் வேன் பிடிக்கிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.