அமைச்சு நிலையும் அரச நிலையும்: துணைமுதல்வர் அறம் குறித்து ஒரு நோக்கு

பள்ளியில் முதல்வருக்கு அடுத்த நிலையில் பணியாற்றும் துணைமுதல்வர், பின்னாளில் அப்பொறுப்பை ஏற்கத் தம்மை எங்ஙனம் ஆயத்தப்படுத்திக் கொள்கிறார் என்னும் வினா, பெரும்பாலும் நிருவாகவியல் வினாவாகவே கருதப்பட்டு வருகிறது. இங்கிலாந்தில் பள்ளித் தலைமைக்கென 1997இல் தேசியத் தகுதிச் சான்றிதழ் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. புதிதாகத் தலைமை ஏற்போர்க்கு 2009இல் அது கட்டாயமாக்கப்பெற்று, 2012இல் அக்கட்டாயம் நீக்கப்பட்டது. நம் நாட்டில் பள்ளித் தலைமைக்கான தேசிய மையம் 2012இல் புதுதில்லியில் தோன்றியது. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, பள்ளி முதல்வர்களும் ஆண்டுக்கு 50 மணி நேரமேனும் பயிற்சி பெறுதல் வேண்டும் என்கிறது. இவையெல்லாம் வேண்டுவனவே. எனினும் நிதியையும் விதிகளையும் கற்பிக்கும் பயிற்சி எளிதில் தொடாத அறச்சிக்கல் ஒன்று துணைமுதல்வர் நிலையிலேயே பொதிந்துள்ளது. திருக்குறளின் துணைகொண்டு அதனை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

அறிவுரையைத் தள்ளுபவனாயினும், தானாக அறியாதவனாயினும், அரசனுக்கு உறுதி கூறுதல் அருகிருப்பவன் கடன் என்பது அமைச்சு அதிகாரத்தில் (64) வள்ளுவர் கொள்ளும் கருத்து. மன்னரைச் சேர்ந்தொழுகல் (70), மிக அகலாமலும் மிக நெருங்காமலும் நிற்கச் சொல்கிறது. இவ்விரண்டும் துணைமுதல்வர்க்கு அப்படியே பொருந்தும் என்று கூறத் தோன்றும். ஆயின் வேறுபாடு ஒன்று உண்டு. வள்ளுவர் காட்டும் அமைச்சனுக்கு அரியணை அடுத்த படி அன்று. துணைமுதல்வர்க்கோ முதல்வர் இருக்கையே அடுத்த படி. எனவே அவர் முதல்வரின் முடிவை மறுத்துரைப்பின் பதவி வேட்கை என்பர். உடன்படின் நற்சான்றுக்காக என்பர். பிறர் ஐயம் ஒருபுறமிருக்க, தம் சொல் எதிலிருந்து பிறந்தது என்பதை அவராலேயே துணிந்து கூற இயலாது. ஆயத்தம் என்பது முதலில் இவ்வையத்தோடு நேர்மையாக வாழக் கற்றலே எனலாம். நாளை தாம் முதல்வராகி, தம் துணைமுதல்வர் இதே சொல்லைத் தம்மிடம் கூறினால் அதனைப் பொறுப்போமா என்று வினவிக் கொள்வது ஓரளவு பயன்தரும் உரைகல்.

மற்றொன்று, வேலைப் பங்கீட்டில் உள்ளது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத் தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். நாள்களைக் கணக்கிடுதல், பெற்றோரை அழைத்தல், எச்சரித்தல் ஆகியவை பல பள்ளிகளில் துணைமுதல்வர் பொறுப்பில் விடப்படுகின்றன. குறைவைப் பொறுத்தருளுமாறு வாரியத்துக்குப் பரிந்துரைப்பவர் முதல்வர். நோயுற்ற தாயைப் பேணியதால் வகுப்புக்கு வராத மாணவியிடம் கடுமை காட்டியவர் ஒருவர். கருணை காட்டியவர் வேறொருவர். துணைமுதல்வரைக் கண்டு ஒதுங்கும் மாணவர் முதல்வரிடம் ஆறுதல் தேடுவதைப் பள்ளிகளை அறிந்தோர் அறிவர். இவ்வாறு பத்தாண்டு பணியாற்றியவர் ஒழுங்கு அனைத்தும் அறிந்து, மன்னிப்பை ஒருமுறையும் பழகாதவராய் அவ்விருக்கையில் அமர்கிறார். செங்கோன்மைக்குச் (55) சிறிது பின்னே கண்ணோட்டத்தையும் (58) அரசனுக்கு உரியதாக வைத்த வள்ளுவர் முறை இவ்விடத்துக் கருதத்தக்கது. எவரை இரங்கிப் பொறுக்கலாம், எவரைப் பொறுத்தால் ஏனையோர்க்கு அநீதியாகும் என்பதை நூலால் மட்டும் அறிதல் அரிது. தவறவும் இடம் தந்து பழக்க வேண்டிய ஒன்று அது.

ஆகவே ஆயத்தத்தின் பொறுப்பைத் துணைமுதல்வர் மீதே சுமத்துதல் முறையன்று. ஒருவனால் ஒரு செயல் முடியும் என ஆராய்ந்தபின் அச்செயலை அவனிடமே விட்டுவிட வேண்டும் எனத் தெரிந்துவினையாடல் (52) ஏவுவோனையே நோக்கிப் பேசுகிறது. கடுமையைப் பிறர்க்கு விட்டு அருளைத் தமக்கென வைத்துக்கொள்ளும் முதல்வர், அறிந்தோ அறியாமலோ, தம் நற்பெயரைப் பிறரது இழப்பில் ஈட்டுகிறார். வருகைக் கணக்கை மட்டுமன்றிப் பரிந்துரைக் கடிதத்தின் வரைவையும் துணைமுதல்வரிடம் ஒப்படைத்து, அவர் எழுதிய காரணத்தைக் கேட்டு, தாம் உடன்படாவிடினும் ஒருமுறையேனும் அதன்வழிக் கையொப்பமிடுதல் அவர் செய்யக்கூடிய பயிற்சி. கையொப்பத்தின் பொறுப்பு அப்போதும் முதல்வருடையதே. அதனாலேயே பலர் இதற்குத் துணிவதில்லை.