ஈய அளவுகோலும் 800 மீட்டர் ஓடுபாதையும்

மலைக்கு அப்பாலும் கடலின் விளிம்பிலும் சிதறி வாழும் சிறு மக்கள் தொகைக்கு ஒரு சமூகம் எந்த அளவுக்குக் கடமைப்பட்டிருக்கிறது என்ற வினா, அறவியலில் பங்கீட்டு நீதி எனப்படும் பகுதிக்கு உரியது. பொதுச் செல்வத்தை யாருக்கு, எந்த முறைப்படி பகிர்ந்தளிப்பது என்பதை ஆராய்வதே அப்பகுதியின் பணி. சிற்றூர்களை நகரங்களோடு இணைக்கும் வட்டார விமான நிறுவனம் ஒன்று எந்த வகை விமானத்தை வாங்குவது என்று முடிவு செய்யும்போதும் இதே வினா எழுகிறது. அம்முடிவைப் பொறியியலும் வரவுசெலவுக் கணக்கும் மட்டுமே தீர்மானிப்பதாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயினும் எவ்வளவு வேகம் போதும், யாருடைய நேரத்துக்கு மதிப்பு அதிகம், ஊருக்கேற்ப விமானம் அமைய வேண்டுமா அல்லது விமானத்துக்கேற்ப ஊர் மாற வேண்டுமா என்ற அற மதிப்பீடுகள் அக்கணக்குக்குள் ஏற்கெனவே இடம்பெற்றுவிடுகின்றன.

வட்டாரச் சேவைகள் பலவும் தேர்ந்தெடுப்பது டர்போபிராப் விமானங்களை. ஜெட் எஞ்சினைப் போலவே எரிபொருளை எரித்து ஒரு விசையாழியைச் சுழற்றி, அந்த ஆற்றலின் பெரும்பகுதியைப் பல்லிணைகள் வழியாக வெளியிலுள்ள புரொபெல்லருக்குக் கொடுக்கும் எஞ்சினே டர்போபிராப் ஆகும். விமானத்தை முன்னே செலுத்தும் விசை, எவ்வளவு காற்று எவ்வளவு வேகத்தில் பின்னே தள்ளப்படுகிறது என்பதைப் பொறுத்தது; ஆனால் அதற்காகச் செலவாகும் ஆற்றல் அவ்வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. எனவே மிகுதியான காற்றை மெல்லத் தள்ளுவது, குறைந்த காற்றை மிகுவேகமாகத் தள்ளுவதைவிடச் சிக்கனமானது. அகன்ற புரொபெல்லர் செய்வது இதைத்தான். இதற்கு எல்லையும் உண்டு: வேகம் கூடக்கூடப் புரொபெல்லரின் நுனிகள் ஒலியின் வேகத்தை நெருங்கி, அந்தச் சிக்கனத்தை இழக்கின்றன. ஆகவே ஜெட் விமானங்கள் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கையில், ஏடிஆர் 72 போன்ற டர்போபிராப் ஏறத்தாழ 500 கிலோமீட்டரோடு நின்றுவிடுகிறது. ஆனால் 300 கிலோமீட்டர் பயணத்தில் ஏறுவதும் இறங்குவதும் தரையில் ஊர்வதுமே நேரத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வதால், இவ்வேறுபாடு பயணிக்குச் சில நிமிடங்களாகச் சுருங்கிவிடுகிறது. அச்சில நிமிடங்களைத் துறப்பதன் பயனாகக் குறைந்த எரிபொருளும், குறுகிய ஓடுபாதையில் இறங்கும் திறனும் கிடைக்கின்றன. குறுகிய ஓடுபாதையில் இறங்கும் திறனே இக்கட்டுரைக்கு முதன்மையானது.

நார்வே இதைத் தெளிவாகக் காட்டும் நாடு. மேற்கிலும் வடக்கிலும் கடல் மலைகளுக்குள் ஆழமாக நுழைந்திருப்பதால் அங்கே சாலைவழி நெடியது. குளிர்காலத்தில் அதையும் நம்ப முடியாது. 1968இல் நாம்சோஸ், புரோன்னோய்சுண்ட், சாண்ட்னெஸ்ஷோயன், மோ இ ரானா ஆகிய ஊர்களில் ஏறத்தாழ 800 மீட்டர் நீளமே உள்ள ஓடுபாதைகளோடு விமான நிலையங்கள் திறக்கப்பட்டன. அடுத்த ஆண்டுகளில் அத்தகைய நிலையங்கள் கடற்கரை நெடுகப் பெருகின. 1934இல் தொடங்கப்பட்ட வீடரோ நிறுவனம் முதலில் ட்வின் ஆட்டர் விமானங்களாலும், பின்னர் டாஷ் 7, 39 இருக்கைகள் கொண்ட டாஷ் 8 ஆகியவற்றாலும் இந்நிலையங்களை இணைத்தது. பயணச்சீட்டு வருவாய் போதாத வழித்தடங்களில், எத்தனை பறப்புகள், எத்தனை இருக்கைகள், கட்டணத்தின் உச்சம் என்ன என்பவற்றை அரசே வகுத்து ஒப்பந்தப்புள்ளி கோருகிறது. குறைந்த ஈட்டுத்தொகைக்கு நடத்த முன்வரும் நிறுவனத்துக்கு அவ்வழித்தடம் தரப்படுகிறது. இதைப் பொதுச்சேவைக் கடப்பாடு என்பர். மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளிகளும் இவ்விமானங்களின் வாடிக்கைப் பயணிகளாவர்.

இதற்கு எதிரான வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பெரும்பாலோரின் பெருநன்மையே செயலின் அளவை என்று கொள்ளும் பயன்வழி அறவியலின்படி, ஆயிரம் பேர் வாழும் கடலோர ஊருக்குச் செலவிடும் பணம் தலைநகர் ஆஸ்லோவில் செலவிடப்பட்டால் மேலும் பலருக்கு உதவும். மெய்யியலாளர் ஜான் ரால்ஸ் 1971இல் வெளியிட்ட நீதிக் கோட்பாட்டு நூல் இதற்கு நேர்மாறான இடத்திலிருந்து தொடங்குகிறது: தாம் எங்கே, எந்நிலையில் பிறப்போம் என்று அறியாத மனிதர்கள் ஒன்றுகூடி விதிகளை வகுத்தால், மிகவும் பின்தங்கியவரின் நிலையை உயர்த்தாத ஏற்றத்தாழ்வை அவர்கள் ஏற்கமாட்டார்கள் என்பது அவர் கருத்து. பெர்லெவோக் போன்ற கடலோரச் சிற்றூரில் பிறக்கக்கூடும் என்று எண்ணிப் பார்ப்பவர், அங்கே விமானம் வருவதை வீண்செலவென்று சொல்லத் தயங்குவார். ஆயினும் ரால்ஸின் வாதம் ஏதோ ஒன்று தரப்பட வேண்டும் என்பதை நிறுவுகிறதே தவிர, எப்படிப்பட்டது தரப்பட வேண்டும் என்பதைச் சொல்லவில்லை.

அதற்கு அரிஸ்டாட்டிலிடம் செல்ல வேண்டியிருக்கிறது. நிக்கமாக்கிய அறவியலின் ஐந்தாம் பகுதியில், பொதுவிதி தன் பொதுமையினாலேயே தவறும் இடங்களில் அதைச் சீர்செய்யும் பண்பை அவர் விளக்குகிறார். அதை விளக்க, லெஸ்போஸ் தீவின் கட்டடக்காரர்கள் பயன்படுத்திய ஈய அளவுகோலை எடுத்துக்காட்டுகிறார். அந்த அளவுகோல் விறைப்பாக நில்லாமல் கல்லின் வடிவத்துக்கு வளைந்து கொடுக்கும். அதற்காகக் கல்லைச் செதுக்க வேண்டியதில்லை. டர்போபிராப் விமானம் அத்தகைய அளவுகோலாக நிற்கிறது. ஜெட் சேவை இருந்தால்தான் சம உரிமை என்று விதித்தால், ஒவ்வோர் ஊரும் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் ஓடுபாதைக்கு மலையை உடைக்கவோ கடலைத் தூர்க்கவோ வேண்டும். அது இயலாத ஊர் பட்டியலிலிருந்து நீங்கும். எல்லோருக்கும் ஒரே பொருளைத் தருவது சமத்துவம் போலத் தோன்றி, முடிவில் சிலருக்கு ஒன்றுமே இல்லாமல் செய்துவிடும்.

சிந்தனையாளர் இவான் இலிச் 1970களில் முன்வைத்த வாதம் இங்கே கருதத்தக்கது. போக்குவரத்தின் வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால் அது சிலரின் நேரத்தைப் பலரின் செலவில் மிச்சப்படுத்தும் என்றும், எனவே மிகுவேகமும் நீதியும் சேர்ந்திருக்க இயலாது என்றும் அவர் எழுதினார். அவர் வரைந்த எல்லை மிதிவண்டியின் வேகத்துக்கு அருகே இருந்ததால், எந்த விமானமும் அவரிடம் தேறாது. ஆனால் வேகத்துக்கு ஓர் எல்லை வேண்டும் என்ற அவருடைய அடிப்படை சரியானதே. அந்த எல்லை எல்லா இடத்துக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கருதியதில்தான் அவர் தவறினார். சிற்றூரிலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக்காக ட்ரோம்ஸோ நகருக்குச் செல்லும் ஒருவருக்கு 500 கிலோமீட்டர் வேகம் ஆடம்பரமன்று.

போதும் என்ற கருத்துக்குள் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. ஏழைக்கும் தொலைவில் வாழ்பவருக்கும் தரம் குறைந்ததைக் கொடுத்துவிட்டு, அதையே போதுமென்று சொல்வது அதிகாரத்தின் பழைய வழக்கம். 1982இல் மேஹாம்ன் அருகே 15 பேரும், 1988இல் டோர்காட்டன் மலையில் மோதி 36 பேரும், 1993இல் நாம்சோஸ் அருகே 6 பேரும் வீடரோ விமான விபத்துகளில் இறந்தனர். தலைநகரத்தாருக்கு இல்லாத ஆபத்தைக் கடலோரத்தார் ஏற்க வேண்டும் என்று எந்த நீதிக் கோட்பாடும் சொல்லாது. வேகத்திலும் அளவிலும் இடத்துக்கேற்ற வேறுபாட்டை ஏற்கலாம். உயிர்க்காப்பில் ஏற்க முடியாது. இவ்விரண்டையும் பிரித்தறியாத சிக்கனம் அறமற்றது.

இந்தியாவின் உடான் திட்டம் இதே வினாவுக்கு வேறு வகையில் விடை தேடியது. 2017 ஏப்ரலில் சிம்லாவுக்கும் டெல்லிக்கும் இடையே ஏடிஆர் 42 விமானத்தோடு அதன் முதல் சேவை தொடங்கியது. முதன்மை வழித்தடங்களில் பறக்கும் விமானங்களிடம் தீர்வை வாங்கி, சிறு வழித்தடங்களின் இழப்பை மூன்றாண்டுகளுக்கு ஈடுசெய்வது அதன் அமைப்பு. மிகுந்தவரிடமிருந்து குறைந்தவருக்கு என்ற அளவில் அது நேர்மையானதே. ஆனால் மூன்றாண்டில் ஒவ்வோர் ஊரும் தன் தகுதியை நிறுவிவிடும் என்ற எதிர்பார்ப்பு அதற்குள் அடங்கியிருந்தது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2023 அறிக்கை, முதல் மூன்று சுற்றுகளில் வழங்கப்பட்ட 774 வழித்தடங்களில் 54 மட்டுமே சலுகைக் காலத்துக்குப் பின்னும் நீடித்ததாகக் காட்டியது. 2018இல் ட்ரூஜெட் நிறுவனத்தின் ஏடிஆர் விமானம் வந்த சேலம், 2021இல் அச்சேவையை இழந்து, 2023 அக்டோபரில்தான் மீண்டும் விமானத்தைக் கண்டது. உரிமையாகத் தரப்படுவதற்கும் சோதனையாகத் தரப்படுவதற்கும் உள்ள தொலைவு இதுவே.

நார்வேயின் உறுதிப்பாட்டுக்கும் இப்போது ஒரு தடை வந்திருக்கிறது. 39 இருக்கை டாஷ் 8 விமானங்களின் உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டதால், வீடரோ பழைய விமானங்களைப் புதுப்பித்தே பயன்படுத்துகிறது. 800 மீட்டரில் இறங்கும் வகையில் ஏடிஆர் நிறுவனம் 2019இல் அறிவித்த 42-600எஸ் என்ற வடிவம், போதிய சந்தை இல்லை என்ற மதிப்பீட்டில் 2024 நவம்பரில் கைவிடப்பட்டது. மோ இ ரானாவில் பழைய குறு ஓடுபாதைக்கு மாற்றாகப் பெரிய நிலையமே கட்டப்படுகிறது. எல்லா ஊருக்கும் அது வாய்க்காது. ஓர் அரசு விரும்பினால் பறப்பை விலைக்கு வாங்கலாம்; எவரும் செய்யாத விமானத்தை வாங்க முடியாது. உலகெங்கும் சிதறிக் கிடக்கும் சில நூறு குறு ஓடுபாதைகளின் தேவை எந்த ஒரு நாட்டின் சந்தையிலும் அடங்காததால், அதற்குரிய விமானத்தை உருவாக்கும் செலவை அரசுகள் கூடிப் பகிர வேண்டும் என்பதே பங்கீட்டு நீதியிலிருந்து இங்கே பெறப்படும் முடிவு. இன்றைய ஒப்பந்த முறைகள் எவையும் அந்த அளவுக்குச் செல்லவில்லை.