மறதிக்கு யார் பொறுப்பு?

டெல்லி புசா ரோட்டின் மேலே மெட்ரோ ஓடுகிறது. கரோல் பாக் நிலையத்தில் ஒரு கதவு சரியாக மூடாவிட்டால் ரயில் நகராது. கதவு பூட்டியிருக்கிறது என்ற சேதி மின்சுற்று வழியே வந்துகொண்டே இருக்க வேண்டும். வயர் அறுந்தால் சேதி நிற்கும், ரயிலும் நிற்கும்.

சிறிய பெட்ரோல் எஞ்சினில் நிலைமை தலைகீழ். பிளைவீலில் உள்ள காந்தம் காயிலைக் கடந்து சுழலும்போதே பொறி பிறந்துவிடுகிறது, பேட்டரி தேவையில்லை. அதை நிறுத்த, காயிலிலிருந்து வரும் வயரை எஞ்சின் உடம்போடு சேர்த்து எர்த் செய்ய வேண்டும். ஆயில் குறைந்தால் நிறுத்தும் ஸ்விட்சும் இதையே செய்கிறது. வயரின் உறை தேய்ந்து உடம்பில் பட்டால் எஞ்சின் கிளம்பாது. எரிச்சல் வரும், ஆபத்தில்லை. வயர் அறுந்தாலோ எஞ்சின் நன்றாகவே ஓடும். நிறுத்தும் ஸ்விட்சைத் திருப்பினாலும் நிற்காது.

கிளம்பாத எஞ்சினில் மெக்கானிக் முதலில் ஆயில் அளவைப் பார்ப்பார். பிறகு ஆயில் ஸ்விட்ச் வயரைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டர் கயிற்றை இழுப்பார். பொறி வந்தால் பழுது அந்த ஸ்விட்சிலோ அதன் வயரிலோதான். முறையான சோதனை இது. ஆனால் கழற்றிய முனையில் டேப் சுற்றி அப்படியே கொடுத்தனுப்பும்போது அறக்கேள்வி எழுகிறது. பழுது தீரவில்லை, அதன் ஆபத்து, விவரம் அறியாத ஒரு தொழிலாளியின் கைக்குப் போய்விட்டது.

“கவனமாக இருப்பவனுக்கு ஸ்விட்ச் எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. கவனம் பெரிய அறம்தான். திருவள்ளுவர் அதற்குப் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரமே வைத்தார். பெருமகிழ்ச்சியில் வரும் மறதி கடுங்கோபத்தைவிடத் தீயது என்பது அவர் கருத்து. அந்த அதிகாரம் அரசியல் பகுதியில் இருக்கிறது. மறவாமை முதலில் அதிகாரம் உள்ளவரின் கடமை. எஞ்சினை வடிவமைப்பவர், பழுதுபார்ப்பவர், வேலைக்கு ஆள் வைப்பவர் ஆகியோரிடம்தான் இங்கே அந்த அதிகாரம் இருக்கிறது.

கதிரடிக்கும் இயந்திரங்களில் உழவர்கள் கை இழந்துகொண்டிருந்தபோது நாடாளுமன்றமும் இந்த வழியில் போனது. 1983ஆம் ஆண்டின் அபாய இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் தயாரிப்பாளர், விற்பனையாளர்மீது கடமை சுமத்தியது; இழப்பீட்டை வேலை கொடுப்பவரின் பொறுப்பாக்கியது. கை இழந்தவரின் கவனக்குறைவு என்று சொல்லிவிட்டு அது ஒதுங்கவில்லை.

பட்டறையிலும் இந்தக் கடமையைச் செய்ய வழி உண்டு. எஞ்சினைத் திருப்பித் தரும் மெக்கானிக் அதை ஓட்டிக் காட்டினால் போதாது, ஸ்விட்சால் நிறுத்தியும் காட்ட வேண்டும். ஆயில் ஸ்விட்ச் வயர் மாட்டியிருக்கிறதா என்று உரிமையாளர் குனிந்து பார்க்க வேண்டும். புது ஸ்விட்ச் வர நான்கு நாள் ஆகும் என்றால், அந்த நான்கு நாளும் எஞ்சின் பட்டறையிலேயே இருக்கட்டும்.