சபர் புறப்படுமுன் ஒரு கடமை





பொருள் தேடிக் கடல் கடப்பது நம் கடற்கரை மக்களுக்குப் புதிதன்று. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் முன்னோர் கொழும்புக்கும் கல்கத்தாவுக்கும் ரங்கூனுக்கும் சபர் போனார்கள். அவர்களுடைய பேரர்கள் துபைக்கும் ரியாதுக்கும் தோஹாவுக்கும் போகிறார்கள். ஹலாலான வழியில் குடும்பத்துக்காகத் தேடும் சம்பாத்தியம் மார்க்கத்தில் உயர்ந்தது. அதில் ஐயமில்லை.

திருக்குர்ஆனில் அல்முஸ்ஸம்மில் அத்தியாயத்தின் கடைசி வசனத்தைப் பாருங்கள். இரவுத் தொழுகையில் சலுகை பெறுவோரை அல்லாஹ் தஆலா அங்கே எண்ணிக் காட்டுகிறான். முதலில் நோயாளிகளைச் சொல்கிறான். அடுத்து, அவனுடைய அருளைத் தேடிப் பூமியில் பயணம் செய்வோரைச் சொல்கிறான். நோயாளியும் பயணியும் ஒரே வசனத்தில் அடுத்தடுத்து நிற்கிறார்கள். ஆனால், நம் வீடுகளில் நடப்பதென்ன? பயணி விமானம் ஏறுகிறார். நோயாளி வீட்டில் தனித்து நிற்கிறார்!

விசா வந்ததும் என்னென்ன செய்கிறோம்? பெட்டி வாங்குகிறோம், உறவினர் வீடுகளுக்குப் போய்ப் பயணம் சொல்லி துஆ கேட்கிறோம். வாப்பாவின் சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்கித் தருவது யார், உம்மாவுக்கு நடுநிசியில் மூச்சுத் திணறினால் வண்டி பிடிப்பது யார், மனைவிக்குப் பிரசவ வலி கண்டால் மருத்துவமனையில் கையெழுத்துப் போடுவது யார் என்று கேட்டால், "அல்லாஹ் பார்த்துக் கொள்வான்" என்று பதில் வருகிறது. அல்லாஹ் பார்த்துக் கொள்வான் என்பது உண்மை. ஆயினும், ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அதன் பிறகு தவக்குல் வைக்கும்படியல்லவா நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள்?

இவ்விடத்தில் ஹழ்ரத் உஸ்மான் (ரலி) அவர்களின் சரித்திரத்தை நினைவுகூர வேண்டும். ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு ரமலானில் பத்ருப் போர் வந்தது. அவ்வேளை உஸ்மான் (ரலி) அவர்களின் மனைவியும் நபிகளாரின் அருமை மகளுமான ருகையா (ரலி) அவர்கள் கடும் நோயுற்றிருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளும்படி உஸ்மான் (ரலி) அவர்களை மதீனாவில் நிறுத்திவிட்டுத்தான் நாயகம் (ஸல்) அவர்கள் புறப்பட்டார்கள். பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய நற்கூலியும் பங்கும் உஸ்மானுக்கும் உண்டு என்று அறிவித்தார்கள். இது ஸஹீஹுல் புகாரியில் பதிவான செய்தி. பத்ரின் வெற்றிச் செய்தி மதீனாவை எட்டிய நாட்களிலேயே ருகையா (ரலி) அவர்கள் வஃபாத்தானார்கள்.

சிந்தியுங்கள்! இஸ்லாத்தின் முதல் பெரும் போரைவிடவா நம்முடைய விசா பெரிது? வீட்டில் ஒருவர் மரணத் தறுவாயில் கிடக்கும்போது, வேறு துணையுமில்லாதபோது, பயணத்தைத் தள்ளிப்போடுவது கோழைத்தனமன்று. அதற்கும் கூலி உண்டென்பதற்கு இந்தச் சரித்திரமே சாட்சி.

எல்லாரும் சபரை நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லவரவில்லை. போகிறவர் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போகவேண்டும் என்பதே என் வேண்டுகோள். இதை நம் கடலே நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. தூத்துக்குடிக் கரையில் 1961ஆம் ஆண்டில்தான் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது. பரதவர்களோடு நம் காயல், கீழக்கரை முஸ்லிம்களும் கடலில் இறங்கிய தொழில் அது. கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி மூழ்குகிறவருக்கு ஏறத்தாழ ஒரு நிமிடமே அவகாசம். கீழிருந்து கயிற்றை அசைத்ததும் தோணியில் இருப்பவர் இழுத்தாக வேண்டும். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள், தன் தங்கை விதவையாக விடமாட்டான் என்ற நம்பிக்கையில், என்று கடற்கரையில் சொல்வதுண்டு.

நாம் சபர் போகும்போது, வீட்டிலிருக்கும் நோயாளிதான் மூழ்கியிருப்பவர். அவர் கயிற்றை அசைத்தால் இழுப்பது யார்? நாம் அனுப்பும் பணம் கயிறு. அதைப் பிடிக்க ஒரு கை வேண்டாமா?

பணமும் தொலைபேசியும் இருந்தால் போதும் என்று எண்ணுவோருக்கு 2023 டிசம்பர் 17, 18 தேதிகள் பாடமாகும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சாலைகள் அறுந்தன, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றது, மின்சாரமும் தொலைபேசியும் போயின. வளைகுடாவிலிருந்த பிள்ளைகள் எத்தனை முறை கூப்பிட்டும் வீட்டாரின் குரல் கிடைக்கவில்லை. அந்த நாட்களில் வயோதிகருக்குக் கைகொடுத்தது யார்? பக்கத்து வீட்டாரும், தெருவிலிருந்த வாலிபர்களும், வீட்டில் முன்கூட்டி வாங்கி வைத்திருந்த மாத்திரையும்தான்!

ஆகவே, சபர் போகும் ஒவ்வொருவரும் புறப்படுமுன் செய்ய வேண்டிய காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, ஆளை நியமியுங்கள். நம் ஊர்களில் பெண் பிள்ளைக்கே வீடு கொடுப்பது வழக்கம். மனைவி அவள் தாய்வீட்டில் இருப்பாள். நம் உம்மாவும் வாப்பாவும் லாத்தாவோடோ தங்கையோடோ இருப்பார்கள். ஆக, ஒரு சபுராளிக்கு இரண்டு வீடுகளில் பொறுப்பு உண்டு. மாமனார் வீட்டில் ஒருவரையும், பெற்றோர் வீட்டில் மச்சானையோ வேறொருவரையோ உட்காரவைத்து, "இது உங்கள் மீது அமானிதம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். நோயாளியையும் அருகில் வைத்துக்கொண்டு பேசுங்கள். எந்த மருத்துவரிடம் போவது, எந்த அளவுக்கு வைத்தியம் செய்வது என்பதில் அவருடைய விருப்பமே முதன்மையானது.

இரண்டாவது, அவசரப் பணத்தை எட்டும் இடத்தில் வையுங்கள். இங்கே பலர் அறியாத ஒரு சங்கதி உண்டு. வெளிநாடு சென்றவர் என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. கணக்கில் ஊரிலுள்ள மனைவியைக் கூட்டாகச் சேர்த்தால், அது 'முதலாமவர் அல்லது எஞ்சியிருப்பவர்' என்ற முறையில்தான் அமையும். அதாவது, முதலாமவர் உயிரோடிருக்கும்வரை, அவர் தனியாக அதிகாரம் எழுதிக் கொடுத்திருந்தாலன்றி, மனைவியால் பணம் எடுக்க முடியாது! கணக்கில் லட்சம் இருந்தும் மருத்துவமனை முன்பணத்துக்கு நகையை அடகு வைக்க நேரும். ஆகவே, மனைவியின் பெயரிலேயே ஒரு சேமிப்புக் கணக்கில் வைத்தியத்துக்கென்று ஒரு தொகையை ஒதுக்குங்கள். அல்லது அதிகாரப் பத்திரத்தை ஊரிலிருக்கும்போதே எழுதிவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து எழுதினால் இந்தியத் தூதரகத்தில் சான்று பெறவேண்டும். ஊருக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையும் செலுத்த வேண்டும். நெஞ்சு வலி அதுவரை காத்திருக்குமா?

மூன்றாவது, காகிதங்களை ஒழுங்குபடுத்துங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி அல்பகரா அத்தியாயத்தில் அல்லாஹ் கட்டளையிட்டிருக்கிறான். காசுக்கே எழுத்து வேண்டுமென்றால் உயிருக்கு வேண்டாமா? இரத்தப் பிரிவு, உட்கொள்ளும் மருந்துகள், ஒத்துக்கொள்ளாத மருந்துகள், பழைய பரிசோதனை முடிவுகள், மருத்துவரின் தொலைபேசி எண், இவற்றை ஒரே கோப்பில் சேர்த்து எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, பாளையங்கோட்டையிலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ திடீரென்று போக நேர்ந்தால், அந்தக் கோப்பு கையிலிருந்தாலே பாதி நேரம் மிச்சம். 108 ஆம்புலன்ஸை எப்படிக் கூப்பிடுவது என்று வீட்டுப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள். அன்றாட மாத்திரைகளில் ஒரு மாத இருப்பு எப்போதும் இருக்கட்டும். இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கு வீட்டுக்கே மருந்து கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயரைப் பதியலாம்.

நான்காவது, சலுகைகளை அறிந்துகொள்ளுங்கள். ஆனால் பொய் சொல்லாதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். வெளிநாட்டுச் சம்பளத்தை மறைத்து வருமானச் சான்று வாங்குவது ஏழையின் தட்டிலிருந்து எடுப்பதாகும். பத்தாம் வகுப்புத் தேறாமல் வளைகுடாவுக்குத் தொழிலாளியாகச் செல்வோர் அரசு விதிப்படி எடுக்கும் 'பிரவாசி பாரதீய பீமா யோஜனா' காப்பீடு உண்டு. 2017ஆம் ஆண்டுத் திருத்தப்படி, விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் அதில் 10 லட்ச ரூபாய் கிடைக்கும். ஆனால், ஊரிலுள்ள குடும்பத்துக்கான மருத்துவமனைச் செலவு, அவருக்கு மரணமோ நிரந்தர ஊனமோ நேர்ந்தால்தான் அதில் வரும். சாதாரண நாளில் உம்மாவின் வைத்தியத்துக்கு அதை நம்பியிருக்க முடியாது.

வணிகக் காப்பீட்டைப் பற்றி உலமாக்களிடையே ஆய்வு உண்டு. 1985ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமி அதைக் கூடாதென்றும், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறையே சரியென்றும் தீர்மானித்தது. சட்டம் கட்டாயப்படுத்தும் இடங்களின் நிலை வேறு. உங்கள் ஊர் ஆலிம்களிடம் விளக்கம் கேட்டு முடிவு செய்யுங்கள். எவ்வழியாயினும், இருக்கும் நோயை மறைத்துக் கையெழுத்திடுவது மோசடி என்பதில் கருத்து வேறுபாடே இல்லை.

இனி, வீட்டுப் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. மனைவியின் வைத்தியச் செலவு கணவன் மீது நஃபகாவாகக் கடமையில்லை என்று நம் ஷாஃபிஈ மத்ஹபின் பழைய நூல்களில் காணப்படுவதைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அக்காலத்தில் வைத்தியம் அரிதான செலவு. இன்று அது சோற்றைப் போல் அவசியமாகிவிட்டதால், வஹ்பா அஸ்ஸுஹைலி போன்ற இக்கால அறிஞர்கள் அதையும் கணவனின் பொறுப்பாகவே கருதினார்கள். வாழ்க்கைத் துணையின் உடல் நலனில் சட்டத்தின் ஓரத்தைத் தேடுவது நல்ல முஸ்லிமுக்கு அழகா?

அதேபோல், மாமியாருக்கும் மாமனாருக்கும் பணிவிடை செய்வது மருமகள் மீது மார்க்கச் சட்டம் சுமத்திய கடமையன்று. பெற்றோருக்கான கடமை பிள்ளைகளாகிய நம்முடையது. நமக்குப் பதிலாக அவள் படுக்கையை மாற்றி, மருந்து ஊட்டி, இரவெல்லாம் விழித்திருந்தால் அது அவள் நமக்குச் செய்யும் உபகாரம். தொலைபேசியில் "உம்மாவை ஏன் சரியாகப் பார்க்கவில்லை?" என்று அதட்டுமுன், "நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா?" என்று கேளுங்கள். தேவையானால் ஒரு உதவியாளுக்குச் சம்பளம் அனுப்புங்கள். லாத்தாவும் மச்சானும் சுமக்கும் சுமைக்கும் இதே நியாயம்தான். சபுராளி ரியால் அனுப்புகிறார் என்பதற்காக, ஊரிலிருந்து உழைப்பவர் அவருடைய வேலையாளாகிவிட மாட்டார்.

ஊரில் தங்கியிருக்கும் சகோதரர்களே! நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிம் மீதுள்ள உரிமைகளில் ஒன்று. உங்கள் தெருவில் ஆண் துணையில்லாத வீடுகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஜும்ஆ முடிந்து திரும்பும்போது வாசலில் நின்று, "மாமி, சுகமா? மருந்து இருக்கிறதா?" என்று கேட்க எவ்வளவு நேரமாகும்?

பெற்றோர் முதுமையை அடைந்தால் அவர்களிடம் சலிப்பின் சிறு ஒலியைக்கூட எழுப்பாதிருக்க அல்லாஹ் தஆலா பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தில் எச்சரிக்கிறான். தொலைவிலிருப்பவருக்கு அந்த எச்சரிக்கை நீங்கிவிடவில்லை. ஒவ்வொருவரும் பொறுப்பாளரே என்றும், அவரவர் பொறுப்பைப் பற்றி மறுமையில் விசாரிக்கப்படுவார் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அந்த விசாரணையில் எத்தனை ரியால் அனுப்பினோம் என்பதோடு, யாரிடம் ஒப்படைத்தோம் என்பதும் கேட்கப்படும்.

கருணையுள்ள ரஹ்மானே! சபரில் இருப்போரைப் பாதுகாத்து, நோயுற்றிருப்போருக்கு ஷிஃபாவை அளித்து, அவர்களைப் பேணுவோருக்குப் பொறுமையையும் நிறைந்த கூலியையும் தந்தருள்வாயாக! ஆமீன்.