அப்பாயி போட்ட கையெழுத்து



வயது நிறைந்த பெரியவர்களின் சாவைக் கல்யாணச் சாவு என்று சொல்வது நம் வழக்கம். கொட்டு உண்டு, வேட்டு உண்டு, பேரப்பிள்ளைகள் வரிசையாக நின்று நெய்ப்பந்தம் பிடிப்பதும் உண்டு. எங்கள் அப்பாயியையும் அப்படித்தான் அனுப்பி வைத்தோம். அப்பாவைப் பெற்றவரைப் புதுக்கோட்டைப் பக்கம் அப்பாயி என்போம். தொண்ணூறு வயது இருக்கும். பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. "புது ஆத்துல மொதத் தண்ணி வந்தப்ப நான் இடுப்புப் புள்ள" என்று அவர் சொல்வதுதான் எங்களுக்கு இருந்த கணக்கு. மேட்டூர் அணை 1934-இல் திறந்தது. அதோடு வந்த கல்லணைக் கால்வாயைத்தான் எங்கள் கடைமடையில் புது ஆறு என்பார்கள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் "நெறஞ்ச வயசு, நல்ல சாவு" என்றார்கள். நியாயமான ஆறுதல்தான். ஆனால் அந்த ஆறுதல் ஒன்றை மறைத்துவிடுகிறது. நாம் வழியனுப்புவது ஒரு கிழவியை மட்டும்தான். சுவரில் மாட்டுகிற படத்தில் இருப்பதும் கடைசிப் பத்து வருடத்து முகம். அதற்கு முன்னால் எண்பது வருடம் வாழ்ந்த சிறுமியும் குமரியும் குடும்பத்தலைவியும் எங்கே போனார்கள்?

எங்கள் வீட்டில் அதற்கு விடை ஒப்பாரியில் வந்தது. அப்பாயியோடு சேர்ந்து நடவு நட்ட ஒரு கிழவி, தலைமாட்டில் உட்கார்ந்து ராகம் போட்டு அழுதார். பெற்ற பிள்ளைகளே கேள்விப்படாத கதை அந்த அழுகையில் இருந்தது. தகப்பன் கடுதாசிக்காகத் தபாலாபீசுக்கு நடந்து நடந்து கால் தேய்ந்த பெண்ணே என்று அவர் அழுதபோது, எங்கள் அப்பா திரும்பிப் பார்த்தார்.

காரியம் முடிந்த பிறகு அந்தக் கிழவியிடமே உட்கார்ந்து கேட்டோம். அப்பாயியின் தகப்பனார் நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறி மலாயாவுக்குப் போனவர். ரப்பர் தோட்டத்தில் வேலை. மாதம் தவறாமல் மணியார்டர் வந்துகொண்டிருந்தது. 1941 டிசம்பரில் ஜப்பான் படை மலாயாவில் இறங்கியது; அடுத்த பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. கடல்வழி அடைபட்டது. பணமும் நின்றது, கடுதாசியும் நின்றது. எட்டு வயதுப் பிள்ளை, பக்கத்து ஊர்த் தபாலாபீசுக்கு நடந்து போய், "அப்பா கடுதாசி வந்திருக்கா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறது. இப்படி வருடக்கணக்கில்.

1945-இல் சண்டை ஓய்ந்தது; பிறகு கப்பல் மறுபடி ஓடத் தொடங்கியது. அக்கம்பக்கத்து ஊர்களுக்குச் சிலர் திரும்பி வந்தார்கள். அவர்களில் ஒருவர்தான், தோட்டத்து ஆட்களைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனதைச் சொன்னாராம். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் பாதை. காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் தமிழர்கள் அங்கே மடிந்தார்கள். அவர்களுக்கு ஒப்பாரி வைக்கக்கூட ஆள் இல்லை. அப்பாயியின் தாயார் கடைசி வரை பொட்டை அழிக்கவில்லை. சாவுச் சேதி வராதவருக்கு எப்படிச் சடங்கு செய்வது?

இதையெல்லாம் கேட்ட பிறகுதான் எங்களுக்கு ஒரு விஷயம் புரிந்தது. எங்கள் வீட்டுக்கு வரும் தபால்காரர் ஒரு சொம்பு நீர்மோர் குடிக்காமல் போக முடியாது. கடுதாசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்பாயி அவரைத் திண்ணையில் உட்கார வைத்துவிடுவார். உபசாரம் என்று நினைத்துப் பழகிவிட்டோம்.

கல்யாணம், ஆறு பிள்ளைகள், தாத்தாவின் அகால மரணம் என்று பிறகு நடந்ததெல்லாம் பல வீட்டுப் பாட்டிகளுக்கும் நேர்ந்ததுதான். கடைமடைக்கு முறைத்தண்ணீர் நடுச்சாமத்தில் வரும். மண்வெட்டியும் அரிக்கேன் விளக்குமாக அவரே போய் மடை திருப்பி வந்தார். 1952 புயலைக் கைக்குழந்தையோடு பார்த்தவர் என்பதால், 2018-இல் கஜா வந்த ராத்திரி எங்களை அதட்டிக்கொண்டே இருந்தார். "காத்து ஓஞ்சிருச்சின்னு வெளிய போகாதீய. திரும்பி அடிக்கும்" என்றார். சொன்னபடி திசை மாறி அடித்தது. தென்னந்தோப்பு போனது, ஆட்கள் எல்லோரும் பிழைத்தோம்.

இன்னொன்றையும் நான் சொல்லியே ஆக வேண்டும். 1989-இல் தமிழ்நாட்டுச் சட்டம் பெண் பிள்ளைகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்றது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்களுக்கு அது அப்போது பொருந்தவில்லை. என் அத்தைகள் மூவருக்கும் அதற்கு முன்பே கல்யாணம் ஆகியிருந்தது. வீட்டு ஆண்களுக்கு அது வசதியான செய்தி. அப்பாயி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "சட்டம் கெடக்கு. ஆறும் என் வயித்துல பொறந்ததுதான். ஆறா எழுது." பத்திர ஆபீசில் போய்க் கைநாட்டு வைத்தார். வைத்துவிட்டு, விரல் மையைச் சேலையில் துடைத்துக்கொண்டே, "இதுதான்டா கடைசி" என்றாராம்.

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். கல் உடைக்கிற பெண்களும் களை எடுக்கிற பெண்களும் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் எழுத்துக் கற்றார்கள். சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். அறுபதை நெருங்கிய அப்பாயி சைக்கிள் பக்கம் போகவில்லை. சிலேட்டை எடுத்துக்கொண்டு தினமும் போனார். பெயர் எழுதக் கற்ற அன்று, சொல்லிக் கொடுத்த பிள்ளை அவர் பெயருக்கு முன்னால் தாத்தாவின் எழுத்தை இனிஷியலாகப் போட்டுக் காட்டியிருக்கிறது. அப்பாயி அதை அழித்துவிட்டுத் தன் தகப்பனார் பெயரின் முதல் எழுத்தைப் போட்டார்.

பென்ஷன் தாளிலும் பேங்குப் பாஸ்புக்கிலும் அந்த எழுத்தோடுதான் கையெழுத்துப் போட்டார். ரேஷன் கார்டில் வேறு எழுத்து இருக்கிறதே என்று கேட்ட அதிகாரிகளிடம், "எங்கய்யா எழுத்து அது" என்பதற்கு மேல் ஒரு சொல் பேசியதில்லை. ஊருக்கே திரும்பி வராத ஒரு மனிதர், மகளுடைய கையெழுத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தார். அந்த எழுத்துக்குப் பின்னால் இருந்த கதை எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது அவர் போன பிறகு.

நேயர்களே, உங்கள் வீட்டில் ஒரு அப்பாயியோ அப்பத்தாவோ ஆச்சியோ அம்மாச்சியோ இருந்தால், "சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா" என்பதோடு இன்று நிறுத்திக்கொள்ளாதீர்கள். நீங்கள் பிறப்பதற்கு முந்தைய காலத்தைக் கேளுங்கள். அவருடைய தகப்பனார் யார், எந்த ஊர், யாரோடு விளையாடினார், எதற்காக அழுதார் என்று கேளுங்கள். உடனே சொல்ல மாட்டார். "அதெல்லாம் எதுக்கு இப்ப" என்பார். மறுபடி கேளுங்கள். அவருடைய தோழி யாராவது இருந்தால் அவரிடமும் கேளுங்கள். செல்போனில் பதிவு செய்யுங்கள், நோட்டில் எழுதி வையுங்கள். நெய்ப்பந்தம் பிடிக்கும் நாள் வரை தள்ளிப்போட வேண்டாம்.